ஆரத்தித் தண்ணியும் ஒரு பாஸ்போ ஆன்டிபாடியும்

போன மாசி மாசம் ஒரு நாள் மத்தியானம், மூணு மணி இருக்கும், லேப்ல எல்லாரும் டீ குடிக்க போயிட்டாங்க, நான் மட்டும் கெமிடாக்குன்னு படம் புடிக்கற மெஷின் முன்னாடி உக்காந்துட்டு ஸ்கிரீனையே பாத்துட்டிருந்தேன். ஆறு லேன், அதாவது ஆறு சாம்பிள் தனித்தனியா ஓடுன ஆறு வரிசை. முதல் லேன் காலி. ரெண்டாவதுல மை ஊத்துன மாதிரி கருப்பா ஒரு பேண்டு, புரோட்டீன் இருக்கற எடத்தை காட்டற கோடு. அதுக்கப்பறம் மூணு, நாலு, அஞ்சு, ஆறுன்னு போகப்போக படிக்கட்டு எறங்கற மாதிரி வெளுத்துட்டே போகுது, கடைசி லேன்ல கண்ணை இடுக்கிப் பாத்தாத்தான் ஏதோ இருக்குதுன்னே தெரியும். இந்த மாதிரி ஒரு படத்துக்குத்தான் ஏழு மாசமா வேகு வேகுன்னு அலைஞ்சேன். அப்பவே போன்ல எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், அவரு ஒரு கட்டைவிரலை அனுப்பினாரு, என்ன ஏதுன்னு கேக்கலை.

அந்தப் படம் பொய்னு தெரியறதுக்கு இன்னும் அஞ்சு வாரம் ஆச்சுங்க.

நான் கோயம்புத்தூர்ல பிஎச்டி பண்றேன். அம்மா ஊரு சிவகிரி பக்கம், அப்புச்சி காலத்துலருந்தே மஞ்சக்காடு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு வந்தப்ப எங்கூட்டுல ஏதோ எங்களுக்கே பட்டம் குடுத்த மாதிரி பேசிக்கிட்டாங்க. அப்படிப்பட்ட ஊட்டுப் பொண்ணு மஞ்சள்ல இருக்கற குர்குமினை எடுத்து செல்லுல போட்டு பாக்கறேன்னு சொன்னா எல்லாருக்கும் ஒரே பெருமை. நான் பாக்கறது ஹெப்ஜி2ன்னு ஒரு கல்லீரல் புத்து செல்லு. அதுக்கு இன்சுலின் குடுத்தா உள்ளார ஏகேடின்னு ஒரு புரோட்டீன் முழிச்சுக்கும், வளரு, சாகாதன்னு சொல்ற சங்கதி அது வழியாத்தான் போகும். அந்த ஏகேடிய குர்குமின் அமுக்குதா இல்லையாங்கறதுதான் என்ற கேள்வி. இதுல ஒண்ணும் புதுசு இல்லை, ஊர்ல பாதி லேபு மஞ்சளைத்தான் அரைச்சுட்டிருக்குது, அது வேற சமாச்சாரம்.

புரோட்டீன் முழிக்கறதுன்னா என்னன்னு கேப்பீங்க. அது மேல ஒரு பாஸ்பேட் ஒட்டும், அவ்வளவுதான். 1950கள்ல எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும் இதை கண்டுபுடிச்சாங்க, 1992ல நோபல் வாங்குனாங்க. ஏகேடில மொத்தம் 480 அமினோ அமிலம், அதுல 473வது எடத்துல இருக்கற செரின்லயும் 308வது எடத்துல இருக்கற த்ரியோனின்லயும் பாஸ்பேட் ஒட்டுனாத்தான் அது முழுசா வேலை செய்யும். ஒரு பாஸ்பேட்டோட எடை 80 டால்டன். ஏகேடியோட எடை கிட்டத்தட்ட 56,000 டால்டன். அம்மாம் பெரிய புரோட்டீன்ல இத்துனூண்டு சேந்துச்சா இல்லையான்னு ஒரு ஆன்டிபாடி கண்டுபுடிச்சு சொல்லுதுன்னா, இப்ப நினைச்சாலும் எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்குது.

எங்கூர்க்காரங்களுக்கு இப்படி சொன்னா புரியும். கண்ணபுரம் சந்தைக்கு சித்திரைல போயிருப்பீங்க, ஆயிரக்கணக்குல காங்கேயம் மாடு நிக்கும், அதுல வெவரமான ஆளு ஒருத்தரு சுழிய வெச்சே இது இன்னார் பட்டி மாடுன்னு சொல்லிருவாரு. ஆன்டிபாடி அந்த ஆளு மாதிரி. செல்லை ஒடைச்ச கலவைல ஆயிரக்கணக்கான புரோட்டீன் கெடக்கும், அதுல ஏகேடிய மட்டும் போய் புடிக்கும். இதுல ரெண்டு வகை. டோட்டல் ஏகேடி ஆன்டிபாடின்னா மாட்டை அடையாளம் புடிக்கும், அது கழுத்துல மணி இருந்தாலும் இல்லாட்டியும். பாஸ்போ ஏகேடி ஆன்டிபாடின்னா மணி கட்டுன மாட்டை மட்டும் புடிக்கும். இந்த மணிக் கதைய ஞாபகம் வெச்சுக்கங்க, என்ற பொழப்பு சிரிப்பா சிரிச்சது அதுலதான்.

பாஸ்போ ஆன்டிபாடிய செய்யறதே ஒரு தனி வித்தை. அந்த 473வது எடத்தை சுத்தி இருக்கற பத்து பதினஞ்சு அமினோ அமிலத்தை மட்டும் பாஸ்பேட்டோட சேத்து செயற்கையா செஞ்சு, அதை ஒரு கடல் நத்தையோட ரத்தத்துலருந்து எடுத்த பெரிய புரோட்டீன்ல ஒட்டி மொசலுக்கு ஊசி போடுவாங்க. மொசல் உடம்பு இது என்னடா புதுசா இருக்குதுன்னு ஆன்டிபாடி செய்யும். அந்த சீரத்தை பாஸ்பேட் இருக்கற துண்டு ஒட்டுன வடிகுழாய்ல விட்டு, புடிச்சுக்கறதை மட்டும் எடுப்பாங்க, அப்பறம் பாஸ்பேட் இல்லாத துண்டு இருக்கற வடிகுழாய்ல விட்டு அதுல ஒட்டறதை எல்லாம் தள்ளிருவாங்க. நம்ம ஊட்டுல அரிசிய ஒருக்கா சலிச்சு, மறுக்கா பொடைக்கறதில்ல, அந்த மாதிரி. ஏகேடிய புடிச்ச மொசல் ஆன்டிபாடிய காட்டிக்குடுக்க ரெண்டாவதா ஒண்ணு வேணும், அது வெள்ளாட்டுல எடுத்தது, மொசல் ஆன்டிபாடி எங்க இருந்தாலும் போய் ஒட்டிக்கும், அதோட வாலுல எச்ஆர்பின்னு ஒரு என்சைம், அதுமேல லூமினாலும் பெராக்சைடும் ஊத்துனா வெளிச்சம் வரும், அந்த வெளிச்சத்தைத்தான் கேமரா புடிக்கும். மொசலை புடிக்க ஆட்டை உடற ஒரே எடம் எங்க லேபுதான்னு தம்பி கிண்டல் பண்ணுவான்.

புரோட்டீனை ஜெல்லுல எடை வாரியா பிரிச்சு, மெம்பரேன்னு ஒரு மெல்லிசான தாளுக்கு மாத்தி, அதுமேல ஆன்டிபாடி ஊத்தி பாக்கற இந்த மொத்த வேலைக்கும் பேரு வெஸ்டர்ன் பிளாட். பேருக்கு காரணம் தெரிஞ்சா சிரிப்பீங்க. 1975ல எட்வின் சதர்ன்னு ஒருத்தரு டிஎன்ஏவுக்கு இந்த மாதிரி ஒரு முறை கொண்டாந்தாரு, அவரு பேர்லயே சதர்ன் பிளாட். அப்பறம் ஆர்என்ஏவுக்கு நார்தர்ன்னு வெச்சாங்க. புரோட்டீனுக்கு 1979ல டோபின் குழு செஞ்சு காமிச்சாங்க, 1981ல பர்னெட்டுன்னு ஒருத்தரு அதுக்கு வெஸ்டர்ன்னு பேரு வெச்சுட்டாரு. நாம ஊட்டுக்கு வழி சொல்றப்ப இட்டேரில தெக்கால போயி மேக்கால திரும்புன்னு சொல்றோமே, அதேதான்.

சரி, வேலைக்கு வாரேன். பாஸ்போ பாக்கறதுல பாதி தோல்வி ஆன்டிபாடி ஊத்தறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிரும், இதை எனக்கு யாரும் சொல்லித்தரலை. செல்லை முந்தின நாள் ராத்திரியே சீரம் இல்லாம பட்டினி போடோணும், இல்லாட்டி முன்னாடியே எல்லா மணியும் கட்டியிருக்கும், இன்சுலின் குடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. இன்சுலின் ஊத்தி பத்து நிமிசம். அப்பறம் டிஷ்ஷை வெடுக்குனு ஐஸ்ல வெச்சு, ஐஸ் மாதிரி குளுந்த பிபிஎஸ்ங்கற உப்புத்தண்ணில கழுவி, செல்லை ஒடைக்கற லைசிஸ் பஃபர் ஊத்தி சொரண்டோணும். செல்லை ஒடைச்ச உடனே உள்ளார இருக்கற பாஸ்பட்டேஸ் என்சைம் எல்லாம் அவுத்துவிட்ட கன்னுக்குட்டி மாதிரி ஓடிவந்து பாஸ்பேட்டை எல்லாம் புடுங்கி போட்டுரும். அதை தடுக்க சோடியம் ஃப்ளோரைடு, சோடியம் ஆர்த்தோவனடேட்டு போடறோம். இந்த வனடேட்டை சும்மா கரைச்சு ஊத்துனா ஆகாது. பிஎச் 10க்கு கொண்டாந்தா நல்லா எலுமிச்சை மஞ்சளா நிக்கும், அதை கொதிக்க வெச்சா நிறம் போயி தண்ணி மாதிரி தெளியும், ஆற வெச்சு மறுபடியும் பிஎச் பாத்தா எறங்கியிருக்கும், மறுபடி ஏத்து, மறுபடி கொதிக்க வை, இப்படி நிறம் திரும்பி வர்றது நிக்கற வரைக்கும் செய்யோணும். முதல் மூணு மாசம் நான் மஞ்ச நிறத்துலயே ஊத்திட்டிருந்தேன், டைரோசின்ங்கற இன்னொரு அமினோ அமிலத்துல ஒட்டற பாஸ்பேட் ஒண்ணுகூட வரலை, ஆன்டிபாடிய திட்டுனது நான்.

பால் கதையும் இதே மாதிரிதான். மெம்பரேன்ல காலி எடத்துல எல்லாம் ஆன்டிபாடி ஒட்டிக்காம இருக்க முதல்ல ஏதாவது புரோட்டீனால மூடோணும், சல்லிசா கெடைக்கறது பால் பவுடர். ஆனா பால்ல இருக்கற கேசீனே பாஸ்பேட் ஒட்டுன புரோட்டீன், நீங்க பாஸ்பேட்டை தேடற ஆன்டிபாடிய பால்ல கரைச்சு ஊத்துனா சில ஆன்டிபாடி அங்கயே மயங்கி நின்னுரும், மெம்பரேன் முழுக்க மூடுபனி புடிச்ச மாதிரி கருத்துக் கெடக்கும். எல்லா ஆன்டிபாடியும் அப்படி இல்லை, சிலதுக்கு பால்தான் ஒத்துக்கும், கூட வர்ற தாளை படிச்சாத்தான் தெரியும். நான் இப்ப பாஸ்போவுக்கு எல்லாம் பிஎஸ்ஏதான், மாட்டு ரத்தத்துலருந்து எடுக்கற ஆல்புமின் புரோட்டீன், அஞ்சு சதவீதம்.

அஞ்சு சதவீதம் பிஎஸ்ஏன்னு சொல்றப்பவே கைல காசு கரையற சத்தம் கேக்கும். ஆன்டிபாடி வெலை தெரியுமுங்களா, நாங்க வாங்கறது 100 மைக்ரோலிட்டர், அதாவது ரெண்டு மூணு சொட்டு, 30,000லருந்து 40,000 ரூவா, அது வந்து சேர வாரக்கணக்குல ஆகும். அதனால எங்க லேப்ல ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு கரைச்ச ஆன்டிபாடிய கீழ ஊத்த மாட்டோம், சோடியம் அசைடு போட்டு வெச்சு அஞ்சாறு தடவை ஓட்டுவோம். அசைடை ரெண்டாவது ஆன்டிபாடில மட்டும் போட்டுராதீங்க, எச்ஆர்பி செத்துரும். அப்பறம் மெம்பரேனை 50 கிலோடால்டன் கோட்டுல கத்திரியால வெட்டி, மேல்துண்டுக்கு ஏகேடி, கீழ்துண்டுக்கு ஆக்டின்னு பிரிச்சுக்குவோம். ஆக்டின் எல்லா செல்லுலயும் இருக்கற புரோட்டீன், எல்லா லேன்லயும் சமமா போட்டமான்னு பாக்கறதுக்கு அது. மாவு பாக்கெட் ஒட்டற சீலிங் மெஷின் ஒண்ணு காந்திபுரத்துல வாங்கியாந்து, மெம்பரேனை சின்ன கவர்ல போட்டு ஒட்டி ரெண்டே மில்லில வேலைய முடிக்கறது என்ற கண்டுபுடிப்பு. சிக்கனத்துல நம்மள மிஞ்ச ஆளு உண்டுங்களா.

அந்த சிக்கனம்தான் என்னை கவுத்துச்சு. அந்த வருசம் காசுக்கு பாஸ்போ ஏகேடி மட்டுந்தான் வாங்க முடிஞ்சுது. டோட்டல் ஏகேடி அடுத்த பில்லுல பாத்துக்கலாம்னு சார் சொன்னாரு, ஆக்டின் டியூப் வேற தீந்து போச்சு. படிக்கட்டு படம் வந்துச்சு, சாருக்கு ஏக சந்தோசம், குர்குமின் டோஸ் ஏற ஏற பாஸ்போ ஏகேடி எறங்குதுன்னு போஸ்டர் போட்டாச்சு, ஒரு கருத்தரங்குக்கு எடுத்துட்டு போக ஃப்ளெக்ஸ்ல ஆறடிக்கு அச்சடிச்சாச்சு.

போறதுக்கு பத்து நாள் முன்னாடி லேப் மீட்டிங்ல சீனியர் அக்கா ஒருத்தங்க, அதிகம் பேசமாட்டாங்க, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "டோட்டல் எங்க கண்ணு?" வரலைங்க்கா, ஆர்டர் போட்டிருக்குதுன்னேன். "அப்ப மணி கொறைஞ்சுதா, மாடு கொறைஞ்சுதான்னு உனக்கெப்படி தெரியும்?" மாடு மணின்னு நான் ஜூனியர் புள்ளைகளுக்கு சொல்லித்தர்ற கதைய எனக்கே திருப்பி விட்டாங்க.

அதே வாரம் டோட்டல் ஏகேடி வந்துச்சு. பழைய மெம்பரேனை எடுத்து ஸ்டிரிப் பண்ணேன், அதாவது ஒட்டியிருக்கற ஆன்டிபாடிய கழட்டறது, எஸ்டிஎஸ்ஸும் மெர்காப்டோ எத்தனாலும் போட்டு 50 டிகிரில அரை மணி நேரம். அழுகின முட்டை நாத்தம், கேஸ் லீக்குன்னு பக்கத்து டிபார்ட்மெண்டுலருந்து ஆள் ஓடிவந்துட்டாங்க. கழட்டிட்டு டோட்டல் ஊத்தி பாத்தா, அதே படிக்கட்டு. அப்படியே அச்சு. பக்கத்து லேப்ல கொஞ்சம் ஆக்டின் கடன் வாங்கி கீழ்துண்டுல ஊத்தினேன், அதுவும் படிக்கட்டு. மணி கொறையலை, மாடே சந்தைக்கு வரலை.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல தூக்கம் வராம போன்ல போட்டோவ தள்ளிட்டே இருந்தேன். ஒறம்பரை ஊட்டு கெடா வெட்டு போட்டோ நாப்பது, அதுக்கு நடுவால ஒரே ஒரு பிளாட் போட்டோ. பான்சோ சாயம் போட்டது. பிளாட் ஓட்டறவங்களுக்கு தெரியும், புரோட்டீன் ஜெல்லுலருந்து மெம்பரேனுக்கு வந்துச்சான்னு பாக்க பான்சோன்னு ஒரு செவப்பு சாயத்தை ஊத்துவோம், ஒட்டுக்கா எல்லா புரோட்டீனும் செவப்பு கோடா தெரியும், கழுவுனா போயிரும். அந்த போட்டோல அஞ்சாவது ஆறாவது லேன் பாதிதான் செவந்திருக்குது. நானே எடுத்த போட்டோ. அஞ்சு வாரமா என்ற பாக்கெட்டுலயே இருந்திருக்குது.

எல்லா லேன்லயும் இருபது இருபது மைக்ரோகிராம் சமமா போட்டேனே, அப்பறம் எப்படி கொறையும்? புரோட்டீன் அளக்கறது பிசிஏ முறைல. புரோட்டீன் செம்பை மாத்தும், அது ஊதா நிறமாகும், 562 நானோமீட்டர்ல எவ்வளவு ஊதான்னு மெஷின் சொல்லும். நிறம் அதிகம்னா புரோட்டீன் அதிகம்னு அர்த்தம், நாமளும் அதுக்கு தகுந்த மாதிரி கம்மியா எடுத்து லோடு பண்ணுவோம். அக்கா கேட்டாங்க, செல்லே இல்லாம மருந்தை மட்டும் போட்டு பிளாங்க் பாத்தியான்னு. பாக்கலை. போட்டேன். குர்குமின் கரைசல் ஒரு சொட்டு, அதுமேல பிசிஏ கலவை. சூடே பண்ணலைங்க, ஊத்துன உடனே தட்டுல அந்த குழி முழுக்க செவசெவன்னு செவந்து நின்னுச்சு.

அதை எங்க பாத்திருக்கேன்னு ஒரு நிமிசங்கூட யோசிக்க வேண்டியதில்லை. பிசிஏ கலவை காரத்தன்மை, பிஎச் 11க்கு மேல. மஞ்சளும் காரமும். ஆரத்தி! பொறந்ததுலருந்து பொண்ணு மாப்பிள்ளைக்கும் புள்ள பெத்தவளுக்கும் சுத்தி வாசல்ல ஊத்தறதை பாத்துட்டே இருக்கேன், மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு கலந்தா ரத்தமா செவக்கும்னு மூணு வயசு கொழந்தைக்கு தெரியும். குர்குமின் அதிகம் குடுத்த செல்லு எப்படி கழுவுனாலும் கொஞ்சம் மஞ்சளாவே இருக்கும், அந்த மஞ்சள் பிசிஏல செவந்து, மெஷின் அதையும் புரோட்டீன்னு கணக்கு சேத்து, நான் அந்த கணக்கை நம்பி டோஸ் ஏற ஏற கம்மியா கம்மியா லோடு பண்ணி, ஆன்டிபாடி அதை அப்படியே உண்மையா காட்டியிருக்குது. ஆன்டிபாடி மேல ஒரு தப்பும் இல்லை.

அமுச்சிக்கு போன் பண்ணி சொன்னேன். மறுமுனைல சிரிப்பு அடங்க ஒரு நிமிசம் ஆச்சு. "ஏஞ்சாமி, மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு போட்டா செவக்கும்னு கண்டுபுடிக்கறக்கா இத்தன வருசம் படிச்சே? என்றகிட்ட கேட்டிருந்தா வெத்தலைப் பெட்டிலருந்தே எடுத்து காட்டியிருப்பனே." என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. ஆமாங் அமுச்சின்னேன்.

பழைய பஃபரை மறுபடி ஊத்தினேன்னு சார்கிட்ட திட்டு வாங்கறப்ப எல்லாம் எனக்கு டோனி ஹண்டர்ங்கற விஞ்ஞானி ஞாபகம் வரும். 1979ல கலிபோர்னியா சால்க் இன்ஸ்டிடியூட்ல, புது பஃபர் போட சோம்பேறித்தனப்பட்டு பழசையே ஓட்டியிருக்காரு, அது பிஎச் 1.9லருந்து 1.7க்கு எறங்கி கெடந்துச்சு, அதனாலயே அதுவரைக்கும் த்ரியோனின் பாஸ்பேட்டோட ஒட்டி மறைஞ்சு கெடந்த டைரோசின் பாஸ்பேட் தனியா பிரிஞ்சு தெரிஞ்சுது. டைரோசின்லயும் பாஸ்பேட் ஒட்டும்னு ஒலகத்துக்கு தெரிஞ்சது அப்படித்தான், அந்த வழில வந்த இமாட்டினிப் 2001ல ரத்தப் புத்துநோய்க்கு மருந்தாச்சு. அவரு தப்பு அவருக்கு டைரோசினை காட்டுச்சு, என்ற தப்பு எனக்கு ஆரத்திய காட்டுச்சு. குடுப்பினை.

இப்ப நான் என்ன பண்றேன்னா, செல்லை ஒடைச்ச கலவைல குளுந்த அசிட்டோனை ஊத்தி புரோட்டீனை வெள்ளையா படிய வெச்சர்றேன், குர்குமின் அசிட்டோன்ல கரையும், மேல நிக்கற மஞ்சத்தண்ணியோட போயிரும், அடில இருக்கறதை கரைச்சு அளந்தா ஊதா மட்டுந்தான் வருது. பாஸ்போ ஓட்டுனா டோட்டலும் கண்டிப்பா ஓட்டறேன், காசில்லைன்னா பாஸ்போவையே ஓட்டறதில்லை. ஒரு லேன்ல வோர்ட்மேனின் குடுத்த செல்லு வெக்கறேன், அது ஏகேடிய எழுப்பிவிடற பிஐ3 கைனேஸ்ங்கற என்சைமை அடைச்சிரும், அந்த லேன்லயும் பாஸ்போ பேண்டு வந்துச்சுன்னா ஆன்டிபாடி வேற எதையோ புடிக்குதுன்னு அர்த்தம். புது டியூப் வந்தா ஒரு தடவை லாம்டா பாஸ்பட்டேஸ்ல மெம்பரேனை ஊற வெச்சு பாஸ்பேட்டை எல்லாம் கழட்டிட்டு பாக்கறேன், அப்பவும் பேண்டு நின்னா அந்த ஆன்டிபாடிக்கு பாஸ்பேட் இருந்தா என்ன இல்லாட்டி என்ன. கம்பெனிக்காரங்க தாள்ல போடற படம் அவிய செல்லுல, அவிய கைல வந்தது, நம்ம கைல அது வரோணும்னு ஒரு சட்டமும் இல்லை. 2015ல நேச்சர் இதழ்ல நூத்துக்கு மேல விஞ்ஞானிங்க கையெழுத்து போட்டு, ஆன்டிபாடிய எல்லாம் அதோட சீக்வென்ஸ், அதாவது அமினோ அமில வரிசை, தெரிஞ்சு செஞ்சு விக்கோணும், இல்லாட்டி காசும் காலமும் வீணுன்னு எழுதினாங்க, எங்கள மாதிரி ஒரு டியூபுக்கு ஒரு வருச பட்ஜெட்டை கொட்டறவங்களுக்கு அது இன்னும் வலிக்கும்.

புதுசா ஓட்டுனதுல பாஸ்போ ஏகேடி கொறையத்தான் செய்யுது, ஆனா கடைசி டோஸ்ல மட்டும், அதுவும் கொஞ்சூண்டு. படிக்கட்டெல்லாம் இல்லை, ஒரு வாசப்படி, அவ்வளவுதான். சார்கிட்ட ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காமிச்சேன். ரொம்ப நேரம் பாத்தாரு. "சரிம்மா, போஸ்டரை வாபஸ் வாங்கிரு"ன்னாரு, திட்டலை, திட்டியிருந்தா கூட பரவால்லைன்னு இருந்துச்சு.

ஆறடி ஃப்ளெக்ஸை என்ன பண்றது, லேப்ல வெச்சா பாக்கறப்ப எல்லாம் வயிறு எரியும், சுருட்டி ஊருக்கு எடுத்துட்டு போயி அட்டாலில போட்டுட்டு வந்துட்டேன். சித்திரைல ஒரு நாள் பொழுதோட திடீர்னு கோடை மழை, களத்துல வேக வெச்ச மஞ்சள் காயப் போட்டிருந்தாங்க, மழைக்காயிதம் பத்தலைன்னு மாமா அட்டாலிலருந்து அதை இழுத்து மேல போத்தி நாலு மூலைக்கும் கல்லு வெச்சுட்டாரு. மறுநாள் அமுச்சி கூப்புட்டாங்க.

"கண்ணு, உன்ற காயிதத்துல கருப்பு கருப்பா கோடு போட்டிருக்குதே, அது என்னது?"

"அது தப்புங் அமுச்சி. அதான் தூக்கிப் போட்டேன்."

"தப்போ கிப்போ, ஒரு சொட்டு தண்ணி உள்ள எறங்கலை. இன்னொண்ணு இருந்தா கொண்டாந்து குடு, மேக்கால களத்துக்கு பத்தலை."